இறக்கிய ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கர அலைன்மென்ட்: நூல் கட்டி நாமே சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

காரின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, காரை 30 மி.மீ இறக்கி ஒரு வருடம் ஆவதற்குள் என் பின்டயர் ஒன்று உள் ஓரத்தில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வெளிப்பக்கம் பட்டன் (டயர் மேலுள்ள ரப்பர்க் கட்டிகள்) நன்றாகவே இருந்தது. நின்றபடி பார்த்தால் பாதி ஆயுள் மிச்சம் என்றுதான் யாரும் சொல்வார்கள். பஞ்சர் ஒட்டக் கழற்றியபோதுதான் விஷயமே தெரிந்தது. அதற்கு ஆறு மாதம் முன்புதான் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை, மெஷினில் பார்த்திருந்தேன். கொடுத்த தாளைத் தேடி எடுத்தேன். முன்சக்கர எண்கள் எல்லாம் பச்சை. பின்சக்கர எண்கள் வந்தபோது எந்தச் சிவப்பில் இருந்தனவோ, அதே சிவப்பில் திரும்பியிருந்தன. பின்னால் யாரும் ஸ்பேனரே வைக்கவில்லை.

அன்றைக்கு நான் திட்டியது கேம்பரை. இறக்கிய காரில் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சாய்வுதானே. பிறகு நானே நூல் கட்டி அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது: கேம்பர் டயரை உள் ஓரத்தில் சாய்த்து நிறுத்தியது, அவ்வளவுதான். அந்த ஓரத்தை அரம் போட்டு ராவியது டோ, அதாவது சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. கண்ணால் பார்த்து டோவைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அது தப்பித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த வேலைக்கு லேசர் மெஷின் தேவையில்லை. நைலான் நூல், ஸ்டீல் ஸ்கேல், டிஜிட்டல் ஆங்கிள் கேஜ், ஒரு முழு நாள் பொறுமை போதும். அந்த நாளில் போல்ட்டைத் திருப்பும் நேரம் அரை மணிகூட இருக்காது. மீதி எல்லாமே தயாரிப்பும் அளப்பதும்தான்.

எதைத் திருத்தப் போகிறோம்

காரின் பின்னால் நின்று பாருங்கள். சக்கரத்தின் மேல்பகுதி காருக்குள் சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். இப்போது மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பின்சக்கரங்களின் முன் ஓரங்களும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே விரிந்திருந்தால் டோ-அவுட்.

டோ எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருக்கிறது, ஆனால் கார் நேராகப் போகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். நெகட்டிவ் கேம்பரால் எடை உள் ஓரத்தில் குவிந்திருப்பதால் இழுபடும் தேய்மானம் மொத்தமும் அந்த ஓரத்தின் தலையில் விழுகிறது. 2 டிகிரி கேம்பரும் சரியான டோவும் உள்ள கார், 1 டிகிரி கேம்பரும் தப்பான டோவும் உள்ள காரைவிட டயரை நீண்ட நாள் வைத்திருக்கும். இதை நான் என் செலவில் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது திரஸ்ட் ஆங்கிள். இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து காரை எந்தத் திசையில் தள்ளுகின்றன என்பதுதான் இது. இடது சக்கரத்தின் டோவிலிருந்து வலதின் டோவைக் கழித்து இரண்டால் வகுத்தால் கிடைக்கும். இது பூஜ்யத்துக்கு அருகில் இல்லாவிட்டால் கார் நண்டு மாதிரி கோணலாக நடக்கும். நேர்ச் சாலையிலேயே ஸ்டீயரிங் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடைத் திருகி ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவருவார்கள். நோய் பின்னால் இருக்க மருந்து முன்னால் போகிறது. பின்பக்கத்தை முதலில் முடித்து, அதற்குப் பொருந்தும்படி முன்பக்கத்தைத் திருத்துவதுதான் சரியான வரிசை.

இறக்கினால் இதெல்லாம் ஏன் மாறுகிறது? டபுள் விஷ்போன், மல்டிலிங்க் வகைச் சஸ்பென்ஷன்களில், சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் ஆர்ம்களில் மேல் ஆர்ம் பெரும்பாலும் கீழ் ஆர்மைவிடக் குட்டை. கார் கீழே இறங்க இறங்க, குட்டை ஆர்ம் சக்கரத்தின் தலையை அதிகமாக உள்ளே இழுக்கிறது. 30 மி.மீ இறக்கினால் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை நெகட்டிவ் கூடுவது சகஜம். டோவைப் பிடித்திருக்கும் லிங்க்கும் தனக்கென ஒரு வட்டத்தில் நகர்வதால் டோவும் கூடவே மாறுகிறது. எந்தத் திசையில், எவ்வளவு என்பது காருக்குக் கார் வேறு. அளந்தால்தான் தெரியும்.

உங்கள் காரில் திருத்த என்ன இருக்கிறது

போல்ட்டில் கை வைப்பதற்கு முன் சர்வீஸ் மேனுவலைத் திறந்து பாருங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளில் பின் கீழ் விஷ்போனின் உள்முனை இரண்டிலும் எக்சென்ட்ரிக் போல்ட் (மையம் விலகிய போல்ட், திருப்பினால் ஆர்மைத் தள்ளும்) உண்டு. இரண்டையும் ஆர்மை ஒரே பக்கம் தள்ளும்படி திருப்பினால் கேம்பர் மாறும், எதிரெதிராகத் தள்ளும்படி திருப்பினால் டோ மாறும். பிஎம்டபிள்யூ ஈ46 3 சீரிஸில் கேம்பருக்குக் கீழ் ஆர்மின் உள்முனையில் எக்சென்ட்ரிக். டோவுக்கு டிரெய்லிங் ஆர்மின் முன்பக்க பிராக்கெட்டையே அதன் நீள்துளைகளில் நகர்த்த வேண்டும். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ஜோடியில் பின்னால் டோ மட்டும்தான் திருத்தலாம், கேம்பருக்குக் கம்பெனி வழி எதுவும் வைக்கவில்லை. பிஎம்டபிள்யூ ஈ30 மாதிரி செமி டிரெய்லிங் ஆர்ம் காரில் இரண்டுமே கிடையாது. இரு பின்சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கும் டார்ஷன் பீம் என்றால், ஹப்புக்கும் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) பீமுக்கும் நடுவே ஷிம் என்ற மெல்லிய தகடு வைப்பதுதான் வழி.

கம்பெனி அட்ஜஸ்ட்மென்ட், காரின் பழைய உயரத்தை மனதில் வைத்துச் செய்தது. இறக்கிய காரில் அது பாதி வழியில் தீர்ந்துபோகலாம். அப்போது என்ன செய்வது என்பதைக் கடைசியில் பார்ப்போம். அளக்காமல் முன்கூட்டியே ஆர்ம் வாங்க வேண்டாம்.

தயாரிப்பு: அவசரப்பட்டால் எல்லாம் வீண்

முதலில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை 12 மணி, 6 மணி நிலைகளில் பிடித்து ஆட்டுங்கள், பிறகு 3, 9 நிலைகளில். லொடலொடவென்று ஆடினால் பேரிங், பால் ஜாயின்ட், புஷ் இவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. அதை மாற்றும்வரை அலைன்மென்ட் என்ற பேச்சே வேண்டாம். புஷ்களை லீவரால் லேசாக நெம்பி, ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காயில்ஓவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் ஜோடி) போட்டிருந்தால் உயரத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து இடமும் வலமும் ஒப்பிடுங்கள். அலைன்மென்ட் முடிந்த பிறகு "இன்னும் 5 மி.மீ இறக்கினால் அழகாக இருக்குமே" என்று தோன்றும். தோன்றட்டும். இறக்கினீர்கள் என்றால் மறுபடி முதலிலிருந்து.

அடுத்தது, பலரும் விட்டுவிடும் ஒரு வேலை. சஸ்பென்ஷன் ஆர்ம்களில் உள்ள ரப்பர் புஷ், நடுவிலுள்ள இரும்புக் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டியே வருவது. ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கம்பெனியில் பழைய உயரத்தில் இறுக்கியதால், இறக்கிய கார் நிற்கும் நேரமெல்லாம் புஷ்கள் முறுக்கிய நிலையிலேயே இருக்கின்றன. அந்த முறுக்கு காரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், ரப்பரையும் சீக்கிரம் கிழிக்கும். எனவே சக்கரத்தில் எடை இருக்கும் நிலையில் எல்லா ஆர்ம் போல்ட்களையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, காரை நாலைந்து முறை அழுத்திவிட்டு, அதே நிலையில் இறுக்குங்கள். கார் சில மி.மீ கீழே உட்கார்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், உண்மையான உயரம் அதுதான். தேவையானால் இப்போது காயில்ஓவரைத் தொடலாம். எக்சென்ட்ரிக் போல்ட்களைத் தளர்த்துவதற்கு முன் அவற்றின் இப்போதைய நிலையைப் பெயின்ட் பேனாவால் குறித்துவிடுங்கள். ஏதாவது குழம்பினால் திரும்பி வர ஓர் இடம் வேண்டும்.

இந்தப் போல்ட்கள் பல வருடம் தொடாமல் கிடந்திருந்தால் புஷ்ஷின் குழாய்க்குள் துருவேறி ஒட்டியிருக்கும். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். நெருப்பு காட்டினால் ரப்பர் கருகும், அந்த வழிக்குப் போனால் புது புஷ் கையில் இருக்க வேண்டும். நட் சுழன்று போல்ட் சுழலாமல் நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். போல்ட்டை வாள் போட்டு அறுத்தெடுத்துப் புதிது போடுவதே நிம்மதி.

டயர் காற்று இடமும் வலமும் ஒரே அளவு. டேங்கில் பாதி எரிபொருள். பெரும்பாலும் தனியாக ஓட்டுவீர்கள் என்றால் டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்குச் சமமான மணல் மூட்டை. ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு முன்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் பின்சக்கரம் இயல்பாக உட்காராது, அளவும் பொய் சொல்லும்.

தரை மட்டம்

கேம்பரைத் தரையிலிருந்துதான் அளக்கிறோம். தரை சாய்ந்தால் எண்ணும் சாயும். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 1500 மி.மீ தூரம், தரை ஒரு பக்கம் 5 மி.மீ தாழ்வு என்றால் கிட்டத்தட்ட 0.2 டிகிரி பிழை. ஒரு சக்கரத்தில் அது கூடும், மற்றதில் குறையும். தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் டியூபை எடுத்து, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல நாலு சக்கரம் நிற்கும் இடங்களையும் ஒப்பிடுங்கள். தாழ்வான இடத்தில் மெல்லிய பிளைவுட், தகடு எதையாவது வைத்துச் சமப்படுத்தி, சாக்பீஸால் குறித்துவிடுங்கள். அடுத்த முறை இந்த வேலை மிச்சம்.

இறக்கிய காரில் இன்னொரு சங்கடமும் உண்டு. தரையில் நிற்கும்போது அடியில் கையே போகாது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு மேடைகள் செய்துகொள்ளுங்கள். தடித்த பலகைகளைக் குறுக்கு நெடுக்காக அடுக்கித் திருகிய, 200 மி.மீ உயரமுள்ள, டயரைவிட அகலமான மேடைகள். நாலும் ஒரே உயரம் என்பது முக்கியம். கார் மேடையில் நிற்கும்போது பாடிக்கு அடியில் சின்ன இடைவெளி விட்டு ஸ்டாண்டுகளையும் வைத்துவிடுங்கள். மேடை சரிந்தால் ஸ்டாண்ட் தாங்கும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது, ஒரு நிமிட வேலையாக இருந்தாலும்.

பின்சக்கரங்களுக்கு அடியில் வழுக்கும் தட்டு வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் திருத்தும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே கிரீஸ் பூசினால் போதும். வாங்கிய தட்டுக்கும் இதற்கும் வேலையில் வித்தியாசம் நான் பார்க்கவில்லை.

நூல் கட்டுவது

காரின் அகலத்தைவிட 200 மி.மீ நீளமான அலுமினியக் குழாய் இரண்டு. இரண்டிலும் இரு முனைகளில் நூல் உட்கார ஒரே இடைவெளியில் வெட்டு போடுங்கள். இரண்டு குழாயையும் சேர்த்துக் கட்டி ஒரே நேரத்தில் அறுத்தால் தவறு வராது. ஒன்றைக் காருக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் ஸ்டாண்டுகள் மேல் ஹப் நடு உயரத்தில் வைத்து, இரு பக்கமும் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். இப்போது காரைச் சுற்றி ஒரு செவ்வகம். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணை.

இந்தச் செவ்வகத்தைக் காரோடு நேராக்க வேண்டும். முன் இடது ஹப் நடுவிலிருந்து நூலுக்கு உள்ள தூரமும் முன் வலது ஹப்பின் தூரமும் ஒன்றாகும்வரை முன்குழாயை நகர்த்துங்கள். பின்னாலும் அதேபோல. முன் தூரமும் பின் தூரமும் சமமாக இருக்கத் தேவையில்லை. முன் டிராக்கும் பின் டிராக்கும் (இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) ஒரே அகலமாக இருப்பது அபூர்வம். முன்னால் இரு பக்கமும் 152, பின்னால் இரு பக்கமும் 144 என்று வந்தால் சரி. ஒரு முனையை நகர்த்தினால் மறுமுனை கொஞ்சம் தள்ளிப்போகும். மூன்று நாலு சுற்று பொறுமையாகப் போனால் கச்சிதமாக வந்துவிடும். அதன்பிறகு நூலில் யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் என் நூலையே மூன்று முறை இடித்திருக்கிறேன்.

அளப்பது

ரிம்மின் உதட்டில், ஹப் நடு உயரத்தில், முன் ஓரத்திலிருந்து நூல்வரை ஓர் அளவு, பின் ஓரத்திலிருந்து ஓர் அளவு. நூலைத் தொடாமல், ஸ்கேலைப் படுக்கைவாட்டில் பிடித்து, அரை மி.மீவரை படியுங்கள். முன் ஓரத்தின் தூரம் அதிகமாக இருந்தால் டோ-இன், குறைவாக இருந்தால் டோ-அவுட். ரிம் கோணல் இருக்கலாம் என்பதால், அளந்து முடித்ததும் சக்கரத்தைத் தூக்கி அரைச் சுற்றுச் சுழற்றி, இறக்கி, அழுத்தி, மறுபடி அளந்து இரண்டின் சராசரியை எடுங்கள்.

மி.மீயை டிகிரியாக மாற்ற, வித்தியாசத்தை ரிம்மின் அளந்த விட்டத்தால் வகுத்து 57.3ஆல் பெருக்குங்கள். இதைத் தவிர்க்க ஒரு குறுக்கு வழியும் உண்டு: ரிம்மில் நேராக உட்காரும் 573 மி.மீ நீளமுள்ள அலுமினியப் பட்டை ஒன்றை வெட்டிக்கொண்டால், அதன் இரு முனைகளுக்கும் நடுவே வரும் 1 மி.மீ வித்தியாசம் நேராக 0.1 டிகிரி.

ஓர் உதாரணம். ரிம் விட்டம் 440 மி.மீ. இடது சக்கரத்தில் முன் ஓரம் 146, பின் ஓரம் 144. அதாவது 2 மி.மீ டோ-இன், 0.26 டிகிரி. வலதில் முன் ஓரம் 143.5, பின் ஓரம் 145. அதாவது 1.5 மி.மீ டோ-அவுட், 0.20 டிகிரி. மொத்த டோ 0.06 டிகிரி டோ-இன். இந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவர் "பரவாயில்லையே" என்று போய்விடுவார். ஆனால் திரஸ்ட் ஆங்கிள் 0.23 டிகிரி வலப்புறம். இந்தக் காரை நேராக ஓட்ட ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இப்படி ஒரு பக்கம் இன், மறுபக்கம் கிட்டத்தட்ட அதே அளவு அவுட் என்று வந்தால், போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஆர்ம்கள் பூட்டியிருக்கும் சட்டமான சப்ஃபிரேம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சப்ஃபிரேம் போல்ட்டைத் தளர்த்தி நேராக்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்த கார்கள் உண்டு.

கேம்பருக்கு ஆங்கிள் கேஜை முதலில் தரையில் குறுக்காக வைத்துப் பூஜ்யமாக்கி, பிறகு ரிம்மின் மேல் உதட்டிலும் கீழ் உதட்டிலும் படும் நேர்ப்பட்டையில் ஒட்டிப் படியுங்கள். டயரின் பக்கவாட்டில் பட்டை படக் கூடாது, கீழே அது பிதுங்கியிருக்கும். கேஜ் இல்லையா? தூக்குக்குண்டு போதும். மேல் உதட்டுக்கும் குண்டு தொங்கும் நூலுக்கும் உள்ள தூரம், கீழ் உதட்டுக்கும் அதே நூலுக்கும் உள்ள தூரம், இவற்றின் வித்தியாசம் 440 மி.மீ ரிம்மில் 7.7 மி.மீ என்றால் 1 டிகிரி.

எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். மனக்கணக்கு இந்த வேலைக்கு எதிரி.

எந்த எண்ணுக்குக் கொண்டுபோவது

கம்பெனி எண் இருந்தால் டோவுக்கு அதையே குறிவையுங்கள். இல்லாவிட்டால், சாலையில் ஓடும் பின்சக்கர டிரைவ் காருக்கு ஒவ்வொரு பக்கமும் 0.08 முதல் 0.15 டிகிரி வரை டோ-இன் என்பது என் தேர்வு. வேகத்தில் கார் நிதானமாக நிற்கும், டயரும் பிழைக்கும். பின்னால் டோ-அவுட் வேண்டவே வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்ட நொடியில் பின்பக்கம் முந்திக்கொள்ளப் பார்க்கும். ரேஸ் டிராக்கில் பழகிய கைகள் அதை ரசிக்கலாம். மழை நாளில் வீடு திரும்புகிறவருக்கு அது ஆபத்து.

கேம்பர் 1.2 முதல் 2 டிகிரி நெகட்டிவ் வரை சாலைக்கு நன்றாக ஒத்துப்போகும். இடம் வலம் வித்தியாசம் 0.3க்குள். திரஸ்ட் 0.05க்குள் வந்தால் மகிழ்ச்சி, 0.1க்கு மேல் விடாதீர்கள். முன்பக்கக் கேம்பரைவிடப் பின்பக்கம் மிக அதிகமாக இருந்தால் வளைவில் கார் முன்பக்கம் வழுக்கும், திரும்பச் சோம்பல்படும். இறக்கிய கார் "கோ-கார்ட் மாதிரி" ஆகும் என்று நம்பி, கடைசியில் மந்தமாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான்.

திருப்புவது

கேம்பரை முதலில் முடியுங்கள், டோவைக் கடைசியில். கேம்பரைத் தொட்டால் டோ கணிசமாக நகரும். டோவைத் தொட்டால் கேம்பர் பெரும்பாலும் லேசாகத்தான் அசையும். வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தரம் செய்வீர்கள்.

நட்டை ஸ்பேனர் எடுக்காமல் கையால் சுழற்ற முடிகிற அளவுக்குத் தளர்த்த வேண்டாம். ஆர்ம் நகரும், ஆனால் தானாக நழுவாது என்ற அளவு போதும். திருப்ப வேண்டியது போல்ட்டின் தலையை. எக்சென்ட்ரிக்கின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: நடு நிலையில் கொஞ்சம் திருப்பினாலே நிறைய நகரும். எல்லையை நெருங்க நெருங்க, எவ்வளவு திருப்பினாலும் கொஞ்சமாக நகரும். நடுவிலிருந்து 90 டிகிரி தாண்டினால் வந்த வழியே திரும்பும். எண் திடீரென எதிர்த்திசையில் போனால் பயப்பட வேண்டாம், எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஒரு திருத்தம், ஓர் அழுத்தம், ஓர் அளவு. காரின் பின்பக்கத்தைக் கையால் மூன்று முறை அழுத்திவிடாமல் ஸ்கேலை எடுக்காதீர்கள். மேலே சொன்ன உதாரணத்தில் ஒவ்வொரு பக்கமும் 0.1 டிகிரி வேண்டும் என்றால் ரிம்மில் அது முக்கால் மி.மீ. இடது சக்கரம் ஒண்ணேகால் மி.மீ குறைய வேண்டும், வலது சக்கரம் இரண்டேகால் மி.மீ கூட வேண்டும். இரண்டையும் தனித்தனியாகத் திருத்துங்கள். மொத்தத்தை மட்டும் துரத்தினால் திரஸ்ட் கையை விட்டுப் போய்விடும்.

எண் வந்ததும் இறுக்கும் நேரம். மொத்த வேலையும் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நட்டை இறுக்கும்போது போல்ட்டும் கூடவே சுழன்று 0.1 டிகிரியைத் தின்றுவிடும். போல்ட்டின் தலையை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்குங்கள். பிறகு மறுபடி அளவு எடுங்கள். நகர்ந்திருந்தால் எவ்வளவு நகர்ந்தது என்று குறித்து, அடுத்த முறை அந்த அளவுக்கு முன்கூட்டியே தள்ளி வையுங்கள். ஒரு தடவையில் சரியாக வந்தால் அது அதிர்ஷ்டம்.

முடிந்ததும் ஒரு கூடுதல் சோதனை, எனக்குப் பிடித்தது. டிக்கியில் சுமார் 100 கிலோ ஏற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்தி, டோவை மறுபடி அளங்கள். கார் மேடுபள்ளத்தில் அமுங்கும்போது டோ எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். அமுங்கும்போது டோ-இன் கூடினால் பரவாயில்லை. டோ-அவுட் பக்கம் ஓடினால், நிற்கும் நிலையில் டோ-இன்னைக் கொஞ்சம் தாராளமாக வைப்பது புத்திசாலித்தனம்.

போல்ட் எல்லைக்கு வந்துவிட்டால்

டோ சரியாக வந்து, கேம்பர் மட்டும் 2.3இல் நிற்கிறது என்றால் நான் அப்படியே விட்டுவிடுவேன். டயரைப் பாதி ஆயுளில் ரிம்மிலிருந்து கழற்றி, உள் ஓரம் வெளியே வரும்படி மாற்றிப் பூட்டினால் ஆயுள் நீளும். சுழலும் திசை குறித்த டயராக இருந்தால் இடது டயரை வலது ரிம்முக்கு மாற்றினால் திசையும் கெடாது. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எழுதிய டயர்களுக்கு இந்த வித்தை உதவாது.

டோவே எட்டவில்லை என்றால் ஆர்ம் வாங்கியே ஆக வேண்டும். ஒரே ஒரு ஜோடிக்குத்தான் பட்ஜெட் என்றால் டோ ஆர்மை வாங்குங்கள், கேம்பர் ஆர்ம் காத்திருக்கட்டும். கேம்பர் ஆர்மில் இரண்டு வழி உண்டு. நீளமாக்கக்கூடிய மேல் ஆர்ம், சக்கரத்தின் தலையை வெளியே தள்ளும். 650 மி.மீ விட்டமுள்ள டயரில் 1 டிகிரி நிமிர்த்தினால், அடி அப்படியே இருக்கத் தலை சுமார் 11 மி.மீ வெளியே வரும். இறக்கிய காரில் ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குட்டையாக்கக்கூடிய கீழ் ஆர்ம், அடியை உள்ளே இழுக்கும். ஃபெண்டர் தப்பிக்கும், ஆனால் டிராக் கொஞ்சம் குறுகும். அகலமான ரிம் போட்டவர்களுக்கு நான் கீழ் ஆர்மைத்தான் சொல்வேன்.

புது ஆர்மைப் பூட்டும்போது பழையதோடு பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்கு அமைத்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொடங்குங்கள். திருத்திய பிறகு மரை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். மரையின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். லாக் நட்டை மறப்பவர்கள் உண்டு. அது தளர்ந்தால் டோ தானாக மாறும், அதுவும் நெடுஞ்சாலையில்தான் மாறும்.

ஓட்டிப் பார்ப்பது

காலியான, நேரான சாலையில் மெதுவாகத் தொடங்குங்கள். ஸ்டீயரிங் எங்கே நிற்கிறது? பிரேக் போட்டால் இழுக்கிறதா? பெரிய வளைவில் ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டால் பின்பக்கம் அமைதியாக இருக்கிறதா? திரஸ்ட் சரியாகி, ஸ்டீயரிங் இப்போது புதிதாகக் கோணலாக நின்றால் சந்தோஷப்படுங்கள். முன்பு யாரோ முன்பக்கத்தில் செய்த ஏமாற்று வேலை வெளியே வந்திருக்கிறது. இனி அதே நூலை வைத்து முன் டோவைத் திருத்தலாம். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள காரில் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரையும் பூஜ்யமாக்க வேண்டியிருக்கும்.

100 கிலோமீட்டர் ஓடியதும் தொட்ட ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், டோவையும் ஒரு தரம் அளங்கள். அதன்பிறகு மாதம் ஒரு முறை, கார் குளிர்ந்து நிற்கும்போது, பின்டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளிருந்து வெளியே தடவும்போது பட்டன் ஓரங்கள் கூராகத் தட்டுப்பட்டு, வெளியிலிருந்து உள்ளே வழவழவென்று போனால் டோ-இன் அதிகம். அதற்கு நேர்மாறாக இருந்தால் டோ-அவுட். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.